பழி சுமந்த பிளைவுட்

“எல்லாரும் கண்ண மூடிக்குங்க” என்றான் என் மச்சான் தேவராஜ்.

பாடகர் குழுவில் அன்று வந்திருந்த பதினொரு பேரும் கண்ணை மூடினார்கள். மழைக்காலத்துச் சாயங்காலம். கடலூர் முதுநகரில், எங்கள் வேதக் கோயிலை ஒட்டிய கூடத்தில், ஈரக் குடைகள் விரித்தபடியே காய்ந்துகொண்டிருந்தன. துறைமுகப் பக்கத்துக் கருவாட்டு வாசம் யாரும் அழைக்காமலே ஒத்திகைக்கு வந்திருந்தது.

எனக்கு இடப்பக்கம் ஒரு டபுள் பாஸ். வலப்பக்கம் இன்னொரு டபுள் பாஸ். நடுவில், இரண்டு கல்யாணத்தையும் ஒரே முகூர்த்தத்தில் முடித்துக்கொண்டவன் மாதிரி நான்.

இடப்பக்கத்தது பிளைவுட். என்னோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்தது. வலப்பக்கத்தது முழு மரத்தைக் குடைந்து செய்தது. சிதம்பரத்திலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஒரே பாட்டை இரண்டிலும் வாசிக்கப் போகிறேன். எது எதுவென்று பார்க்காமல் கேட்டு, எது நல்லது என்று குழு சொல்ல வேண்டும். அதை வைத்து, புதியதை வாங்குவதா திருப்புவதா என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

கண்ணை மூடச் சொன்னதுதான் தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

புடவை வைக்க முடியாத பீரோ

டபுள் பாஸ் என்பது ஆறடி உயர வயலின். வயலினை மனிதன் தோளில் தூக்கி வைத்துக்கொள்வான். டபுள் பாஸ் மனிதனைத் தன் தோளில் சாய்த்துக்கொள்ளும். வித்தியாசம் அவ்வளவுதான். மற்றபடி அது பாட்டுக்கு அடியில் கிடந்து, எல்லாரும் நிற்கிற தரையாக இருக்கும். தரையை யாரும் பாராட்டுவதில்லை. வழுக்கினால் மட்டும் திட்டுவார்கள்.

என் பிளைவுட், நெய்வேலிப் பக்கத்து இன்னிசைக் குழு ஒன்று கீபோர்டு வாங்கிய நாளில் அநாதையானது. கீபோர்டுக்காரரின் இடது கையே அதன் வேலையைச் செய்துவிட்டது. பாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் கீபோர்டை மனமாரத் திட்டினார். பிறகு அதையே கற்றுக்கொண்டார். வாத்தியம் என்னிடம் வந்தது.

நான் புத்தகம் பார்த்துக் கற்றேன். அப்போதும் இப்போதும் நான் திருப்பாதிரிப்புலியூரில் நூலக ஊழியன். படித்தால் எதுவும் வந்துவிடும் என்பது எங்கள் தொழில் நோய். நீச்சலையும் அப்படித்தான் கற்றேன். சில்வர் பீச் இதுவரை என்னை முழங்காலுக்கு மேல் பார்த்ததில்லை.

“பீரோ மாதிரி நிக்குது, ஒரு புடவ வைக்க முடியுதா?” என்பாள் என் மனைவி எஸ்தர்.

பிளைவுட் என்றால், மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்தி, வளைத்துச் செய்தது. பள்ளிக்கூட மேசைக்கும் அதற்கும் ஒன்றுவிட்ட உறவு. சத்தம், கோணிக்குள் இருப்பவன் பேசுவது போல வரும். யார் பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

இதில் எனக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. சுருதி சற்றுச் சரிந்தால், “என்ன செய்ய, பிளைவுட்” என்பேன். தாளம் பின்தங்கினால், பிளைவுட். ஒரு குருத்தோலை ஞாயிறன்று ஊரே ஒரு பாட்டைப் பாட, நான் வேறு பாட்டை வாசித்துவிட்டேன். அன்றும் பிளைவுட் என்றேன். பாஸ்டர் வருத்தத்தோடு தலையாட்டினார்.

கூடவே ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்வேன்: “முழு மரத்துல குடைஞ்சது ஒண்ணு கெடைச்சா பாருங்க.”

கிடைக்காது என்பதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது.

ஜெராக்ஸ் கடையில்

சுனாமி வந்துபோய் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். நூலக வேலையாகச் சிதம்பரம் போனவன், சில தாள்களை நகலெடுக்கக் கீழ சன்னதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். முன்னால் கடை, பின்னால் வீடு. நடுவில் பூப்போட்ட திரைச்சீலை. திரைச்சீலைக்கு மேலே, உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல, ஒரு டபுள் பாஸின் தலை.

“அது என்னங்க?” என்றேன், தெரிந்துகொண்டே.

கடைக்காரர் சபாநாயகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அண்ணனோடது சார். மெட்ராசுல சினிமாவுக்கு வாசிச்சிக்கினு இருந்தாரு. இப்ப வெரல் மடங்கல. கோயம்புத்தூர்ல பொண்ணு வூட்டோட போயிட்டாரு. இது எங்க வூட்டோட வந்துட்டுது. பாருங்க சார், பாருங்க. நாங்கதான் பத்து வருஷமா அதச் சுத்திக்கினு பாத்ரூம் போறோம்.”

உள்ளே போனேன். முன்பலகை முழு மரம். வயலின் போலவே நடுவில் புடைத்து ஓரத்தில் தாழ்ந்து, உளி போன வழியெல்லாம் தெரிந்தது. அதன் மேல் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதே மூன்று இடத்தில் வைத்து வைத்து, அங்கே மட்டும் வார்னிஷ் குழிந்திருந்தது. ஜெராக்ஸ் மிஷினிலும் அதே மூன்று பொட்டு இருந்தது. பாரபட்சமில்லாத குடும்பம்.

அடிக்கம்பியை ஒரு தடவை இழுத்தேன்.

செருப்பைக் கழற்றியிருந்த என் காலுக்குத் தரை வழியாக அது வந்தது. அடுப்படியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் பதில் சொன்னது. பத்தொன்பது வருஷமாக நான் கோணி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆள், கோணியைக் கழற்றிவிட்டு எதிரே வந்து நின்றார்.

“பாண்டிச்சேரி ஓட்டல்காரரு ஒருத்தரு கேட்டுக்கினே இருக்காரு சார்” என்றார் சபாநாயகம். “வரவேற்புல நிறுத்தி வைக்கவாம். பக்கத்துல பூந்தொட்டி வைப்பாங்களாம். அண்ணன் ஒரே வார்த்த சொல்லிட்டாரு. வாசிக்கிறவங்க யாராச்சும் கெடைச்சா அவுங்களுக்குத்தான். கெடைக்கலன்னா ஓட்டலுக்கு. பொங்கலுக்குள்ள வெள்ளையடிக்கணும், மூல காலியாவணும். நீங்க வாசிப்பீங்களா சார்?”

“வாசிப்பேன்” என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வருவதற்குள் அது உண்மையா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

“அப்ப எடுத்துக்கினு போயி கொஞ்ச நாளு வச்சிப் பாருங்க. புடிச்சா வச்சிக்குங்க. வெலயெல்லாம் அண்ணன் அநியாயமாக் கேக்க மாட்டாரு. தாளுக்கு ரெண்டு பக்கமும் போடணுமா சார்?”

நிபுணர்கள்

வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்க்க வந்தவர் கதவு வேலை செய்யும் ஆசாரி கண்ணன். இரண்டையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்டார், டாக்டர் போல.

“இது ஒத்த மரம் சார். நம்ம ஊரு உப்புக் காத்துக்கு என்னிக்கின்னாலும் வெடிக்கும். பிளைவுட்டு வெடிக்காது.”

“ஏன்?”

“அதுல வெடிக்கிறதுக்கு என்னா இருக்குது?”

அடுத்து வந்தவன் தேவராஜ். பாடகர் குழுவை நடத்துகிறவன், எஸ்தரின் தம்பி. நான் வாசிக்க வாசிக்க ஹாலில் முன்னும் பின்னும் நடந்தான். “செம்மையா இருக்குது மாமா” என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா நல்லாக் கேக்குது” என்றான். அந்த ‘ஆனா’ எனக்குப் பிடிக்கவில்லை.

எஸ்தர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் கீரையையே பார்த்து உருவினால் வாக்கியம் தயாராகிறது என்று பொருள்.

“ஏங்க, ஒரு டவுட்டு. இத வாங்கிட்டீங்கன்னா, இனிமே தப்பு வந்தா எதச் சொல்லுவீங்க?”

அன்று ராத்திரி சாப்பாட்டில் கீரையில் உப்பு ஜாஸ்தி. நான் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் நிலையில் இல்லை.

முடிவெடுக்கும் பொறுப்பைக் குழுவிடம் தள்ளிவிடலாம் என்று தோன்றியது அப்போதுதான். நூல்களில் படித்திருக்கிறேன், வெளிநாட்டில் வாத்தியங்களைத் திரைக்குப் பின்னால் வைத்து வாசித்துச் சோதிப்பார்களாம். எங்கள் கூடத்தில் திரை இல்லை. கண்தான் இருந்தது.

கண் மூடிய பிறகு

எங்கள் கோயிலில் நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று உண்டு. கண்ணை மூடச் சொன்னால் ஜெபம். மூடிவிட்டு மூன்று விநாடி சத்தம் இல்லையென்றால், யார் ஜெபிப்பது என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாலாவது விநாடியில் யாராவது ஒருவர் அந்தப் பாரத்தை ஏற்றுக்கொள்வார்.

பிளைவுட்டின் கம்பியில் நான் வில்லை வைத்த அதே நொடியில், குழுவில் மூத்தவரான பாக்கியம் அக்கா தொண்டையைச் செருமினார்.

“எங்கள் அன்பின் பரம பிதாவே…”

தேவராஜ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஜெபத்தை நிறுத்தச் சொல்லும் தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. வாசிப்பை நிறுத்தலாம் என்றால் அதுவும் முடியவில்லை; ஜெபத்துக்கு அடியில் மெதுவாக வாசிப்பது எனக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

பாக்கியம் அக்கா பெய்த மழைக்கு நன்றி சொன்னார். பெய்தது போதும் என்பதையும் குறிப்பாகத் தெரிவித்தார். கடலுக்குப் போனவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், புவனகிரியில் இருக்கும் தன் சம்பந்தியின் மூட்டுவலி. நான் முதல் பாட்டை முடித்து, சத்தமில்லாமல் பிளைவுட்டைச் சாய்த்துவிட்டு, மர பாஸை எடுத்தேன். அக்கா சம்பந்தியிலிருந்து சம்பந்தியின் மாப்பிள்ளைக்குப் போனார். நான் இரண்டாவது முறை அதே பாட்டைத் தொடங்கினேன். “இந்த வாத்தியக் காரியத்திலும் உம்முடைய சித்தம் வெளிப்படட்டும்” என்றபோது கடைசி வரியில் இருந்தேன்.

பதினொரு ஆமென்.

“சரி. எது நல்லா இருந்துது?” என்றான் தேவராஜ்.

“எது?” என்றார் பாக்கியம் அக்கா.

“ரெண்டு வாட்டி வாசிச்சேனேக்கா.”

“வாசிச்சியா? ஜெபத்துல இருக்கும்போது அதயெல்லாம் யாரு தம்பி கவனிப்பாங்க?”

வாசலில் டீத் தட்டோடு ஆரோன் அண்ணன் நின்றிருந்தார். கோயிலில் மணி அடிப்பவர். என்னையும் தேவராஜையும் விட்டால், கையில் சூடான தட்டு இருந்ததால் கண்ணை மூடாதவர் அவர் ஒருவர்தான்.

“நான் கேட்டேன்” என்றார். “மொதல்ல வாசிச்சப்ப ஒண்ணும் தெரியல. ஜெபம் மட்டும் கேட்டுது. ரெண்டாவதுல தம்பி ரெண்டு எடத்துல தப்பு பண்ணிச்சு.”

“ரெண்டா?”

“ரெண்டு. மூணாவது ஒண்ணு சந்தேகம். சரி போவட்டும்னு வுட்டுட்டேன். டீ ஆறுது, எடுத்துக்குங்க.”

யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதிவிடுகிறேன். அதே இரண்டு தப்பையும் பிளைவுட்டிலும் செய்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும், அதே பாட்டில், அதே இரண்டு இடத்தில் செய்து வந்திருக்கிறேன்.

முடிவு சுலபமாகிவிட்டது. வாசிக்கிறவனுக்குத்தான் என்றார் சபாநாயகத்தின் அந்த முகம் தெரியாத அண்ணன். நான் வாசிக்கிறவன் இல்லை. வாசிப்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டவன். அது ஓட்டலுக்கே போகட்டும்; பூந்தொட்டியாவது நேர்மையாக நிற்கும்.

சாவடி

சனிக்கிழமை காலையில் ஒரு குட்டியானை வண்டி பிடித்தேன். பின்னால் பழைய மெத்தை விரித்து, பாஸைப் படுக்கவைத்து, போர்வை போர்த்திக் கயிறு கட்டினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். வழியில் இரண்டு பேர், பிணம் போகிறதென்று நினைத்துத் தலைத்துண்டை எடுத்தார்கள்.

முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் மதுவிலக்குச் சாவடி. பாண்டிச்சேரி பாட்டில் தெற்கே போகும் வழி அது. கடலூர்க்காரன் ஒரு பெரிய பெட்டியைப் போர்த்தி எடுத்துக்கொண்டு தெற்கே போனால், அதில் என்ன இருக்கும் என்பதைப் பற்றிக் காவல்துறைக்கு ஒரே ஒரு கற்பனைதான் உண்டு.

ஏட்டு போர்வையை விலக்கினார்.

“என்னாய்யா இது?”

“டபுள் பாஸ் சார். வாத்தியம். சிதம்பரத்துல திருப்பிக் குடுக்கப் போறேன்.”

“உள்ள எத்தினி?”

“உள்ள காத்துதான் சார்.”

முன்பலகையில் வளைந்து வளைந்து இரண்டு துளை உண்டு. அதில் டார்ச் அடித்து, ஒரு கண்ணை மூடி, நெடுநேரம் பார்த்தார். “பொரி கெடக்குது” என்றார்.

“ஆயுத பூசப் பொரி சார்.”

“உன் பேரு?”

“சாமுவேல்.”

அவர் பொட்டைப் பார்த்தார். பொரி கிடந்த துளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் ஒரு தனியார் பஸ் ஹாரனை அழுத்தியபடி நின்றது.

“வாசிக்கத் தெரியுமா?”

தெரியாது என்றால் பெட்டியைப் பிரிப்பார்கள். “தெரியும் சார்.”

“தெரியும்னா எதுக்குத் திருப்பிக் குடுக்கப் போற?”

எஸ்தர் உட்பட யாரும் இதை இவ்வளவு நேராகக் கேட்கவில்லை. “இதுல தப்பு ஜாஸ்தி கேக்குது சார்” என்றேன்.

ஏட்டு அதை மனதுக்குள் எடைபோட்டார். “எங்க, வாசி.”

சாலையோரம் இறக்கி நிறுத்தினேன். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் பஸ் ஜன்னல் ஜன்னலாக முகங்கள். பாடுவதற்குக் குழு இல்லை. மேலே ஜெபம் இல்லை. அந்தப் பாட்டையே தொடங்கினேன். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

தப்பு வரும் முதல் இடம் வந்தது. தப்பு செய்தேன்.

கேட்டது. எனக்கே கேட்டது. கைக்கு அடியில், மரத்தில், நெஞ்செலும்பில். விரல் அரை அங்குலம் மேலே நின்றிருந்தது; பத்தொன்பது வருஷமாக அங்கேதான் நின்றிருக்கிறது. நிறுத்தினேன். பாட்டில் இரண்டு வரி பின்னால் போய் மறுபடி வந்தேன். விரலைக் கீழே இறக்கினேன். அது சரியான இடத்தில் விழுந்தபோது பாஸ் மொத்தமும் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது.

“ஏன்யா நடுவுல நிறுத்தின?” என்றார் ஏட்டு.

“தப்பா வந்துது சார்.”

“எனக்குத் தெரியலையே.”

“எனக்குத் தெரிஞ்சிது சார்.”

இரண்டாவது இடத்தைத் திருத்த நான்கு தடவை ஆயிற்று. பஸ்காரர் நாலாவது தடவையில் ஹாரனை நிறுத்திவிட்டார். ரசனையா, பேட்டரியா, தெரியவில்லை.

ஏட்டு நோட்டைத் திறந்தார். பெயர், வண்டி எண், எடுத்துச் செல்லும் பொருள். “தொழில்?” என்று கேட்டார். நூலகம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே ‘வாத்தியம் வாசிப்பவர்’ என்று எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்தும் போட்டுவிட்டார். அரசாங்கப் பதிவேடு. மறுத்துப் பேசுவது குற்றமாகக்கூட இருக்கலாம்.

மறுபடி ஏற்றிக் கட்டினோம். “வண்டியத் திருப்புங்க” என்றேன்.

“சார், சிதம்பரம் அந்தப் பக்கம்” என்றார் டிரைவர்.

“தெரியும்.”

வீட்டு வாசலில் எஸ்தர் நின்றிருந்தாள். “குடுத்துட்டு வரலையா?”

“போலீஸ் விடல.”

அவள், எப்போதும் தாழிட்டே இருக்கும் கதவின் மற்றப் பாதியையும் திறந்துவிட்டாள்.

மிச்சம்

சபாநாயகத்துக்குப் போன் செய்தேன். “சந்தோசம் சார். அப்ப ஓட்டல்காரருக்கு என்னா சொல்றது?” என்றவர், தானே ஒரு வழியும் சொன்னார். “அவரு வாசிக்கப் போறதில்லையே. உங்க பழச அவருக்குக் குடுத்துடுங்களேன்.”

கொடுத்துவிட்டேன். பத்தொன்பது வருஷம் என் பழியைச் சுமந்தது இப்போது ஏசியில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் ஓய்வாக இருக்கிறது. நான் மின்விசிறி ஓடாத பாடகர் மேடையில், சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாமல் நிற்கிறேன்.

கண்ணன் சொன்ன வெடிப்பு மூன்றாவது கோடையில் வந்தது. விரல் நீளம். அவரே வந்து, மிகுந்த மகிழ்ச்சியோடு ஒட்டிக் கொடுத்தார். பொட்டுகளைப் பார்த்து பாக்கியம் அக்கா, “தொடச்சிடலாமே தம்பி” என்றார். துடைத்தால் வார்னிஷும் வந்துவிடும் என்றேன். “அப்ப இருந்துட்டுப் போவட்டும்” என்றார். பொரி இன்னும் உள்ளே இருக்கிறது. உச்ச ஸ்தாயியில் லேசாகக் குதிக்கும்.

ஆரோன் அண்ணனுக்கு அன்றுமுதல் ஒரு புதுப் பொறுப்பு வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் மணிக்கூண்டுப் பக்கமிருந்து என்னைப் பார்த்து, தப்புக்கு ஒன்றாக விரலைக் காட்டுவார். முதல் ஞாயிறு நான்கு. கிறிஸ்துமசுக்கு மூன்று. கூட்டம் என்பதால் சலுகை காட்டினாரோ என்னவோ. கோடையில் இரண்டு, ஒன்று, மறுபடி மூன்று.

அடுத்த வருஷம், விளைச்சலைக் காணிக்கை வைக்கும் அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்து திரும்பிப் பார்த்தேன். அவர் என்னை நேராகத்தான் பார்த்தார். ஆனால் விரல் எதையும் காட்டவில்லை. இரண்டு கையாலும் மணிக்கயிற்றைப் பிடித்திருந்தார்.

எஸ்தரிடம் சொன்னேன்.

“கை காலியா இல்லைன்னா எப்படிக் காட்டுவாரு?” என்றாள்.

இருக்கலாம். நான் கேட்டுச் சரிபார்க்கவில்லை.